ஸ்டென்ட்டும் சைக்கிள் பந்தயமும்: முதலில் காறை எலும்பைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: எனக்கு 47 வயது. சொந்த ஊர் திருச்சி. 16 வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன், இப்போது கன்சாஸ் மாநிலம் ஓவர்லாந்து பார்க்கில். ஆறு வருடமாக கிராவல் சைக்கிள் ஓட்டுகிறேன். தார் ரோட்டில் இல்லை, சரளைக்கல் ரோட்டில். எம்போரியாவில் ஒவ்வொரு வருடமும் மே கடைசி வாக்கில் நடக்கும் அன்பவுண்ட் போட்டியில் 100 மைல் பிரிவை இரண்டு முறை முடித்திருக்கிறேன். சைவம், சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை.

போன செப்டம்பரில் மூன்று வாரமாக, சைக்கிளில் முதல் ஏற்றம் ஏறும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம். பத்து நிமிடத்தில் போய்விடும், அப்புறம் நன்றாகவே ஓட்டுவேன். கேஸ் என்று நினைத்து டம்ஸ் என்ற வாயு மாத்திரையைச் சப்பிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அது போகவே இல்லை. கூட வந்த நண்பர் 911ஐ அழைத்தார். இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் எல்ஏடி குழாயில் 95 சதவீத அடைப்பு, ஒரு ஸ்டென்ட். பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) அன்று 50, இப்போது 55. ஆஸ்பிரின், டிகாக்ரெலார், அட்டோர்வாஸ்டாட்டின் 80, மெட்டோபுரோலால், லிசினோபிரில் எடுக்கிறேன். மருத்துவமனையின் மறுவாழ்வுப் பயிற்சி 36 வகுப்பும் முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு யாருக்கும் தெரியாமல் அன்பவுண்ட் 200 மைல் பிரிவுக்குப் பெயர் கொடுத்தேன். லாட்டரியில் இடமும் விழுந்துவிட்டது. என் டாக்டர் "நிதானமாக ஓட்டலாம்" என்கிறார், போட்டியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மனைவி சைக்கிளை கராஜில் பூட்டி சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். ஊரில் அம்மா, மேடுபள்ளத்தில் குலுங்கினால் ஸ்டென்ட் நகர்ந்துவிடும் என்கிறார். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னரில் எவ்வளவு மிதித்தாலும் இதயத்துடிப்பு 128ஐத் தாண்டவில்லை. முன்பு 172 வரை போகும். சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது. இதயம் நின்று விழுந்து பிழைத்த விளையாட்டு வீரர்களில் கோல்ப்ரெல்லி சைக்கிளை விட்டார், எரிக்சன் கால்பந்துக்குத் திரும்பினார். நான் எந்தப் பக்கம்?

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "யாருக்கும் தெரியாமல் பெயர் கொடுத்தேன்" என்ற வரி இரண்டாவது முறைதான் சரியாகக் கண்ணில் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கேட்டதற்கு முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். வரப்போகும் போட்டி வேண்டாம். 200 மட்டுமல்ல, 100 மைலும் வேண்டாம். சைக்கிள் வேண்டும், நிச்சயம் வேண்டும். அடுத்த வருடம் 100 மைல் போவதற்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. 200ஐப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். உங்கள் ஆஞ்சியோகிராம் படத்தை நான் பார்க்கவில்லை, உங்கள் டாக்டர் பார்த்திருக்கிறார். அதனால் நான் எழுதுவதை அவர் முன்னால் வைக்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். ஆட்டோவில் போகலாமா, புல்லட் ஓட்டலாமா, பேரனைத் தூக்கலாமா? ஸ்டென்ட் நகராது. கார் டயரில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு அழுத்தத்தில் பலூனை ஊதி அந்த உலோக வலையைக் குழாயின் சுவரோடு பதிக்கிறோம். சில வாரங்கள், மாதங்களில் அதன்மேல் உள்தோல் வளர்ந்து மூடிவிடுகிறது. கன்சாஸ் சரளை ரோட்டில் உங்கள் முதுகு நகரலாம், பல் கழன்று விழலாம், ஸ்டென்ட் அங்கேயேதான் இருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லி நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

ஆனால் அம்மா பயப்படுவது முற்றிலும் தவறான இடத்தில் இல்லை. ஸ்டென்ட்டுக்கு ஆபத்து குலுக்கலால் வராது, கீழே விழுவதால் வரும். எப்படி என்று விளக்குகிறேன்; சைக்கிள் ஓட்டும் ஸ்டென்ட்காரர்கள் பலரும் இதை யோசித்துப் பார்ப்பதில்லை.

சைக்கிளிலிருந்து விழுகிறவர்கள் கையை ஊன்றி விழுவார்கள், அல்லது தோளில் விழுவார்கள். உடைவது பெரும்பாலும் காறை எலும்பு, அதாவது கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் எலும்பு. பல நேரம் கையைத் தொங்கப்போட்டுக் கட்டினாலே சேர்ந்துவிடும். எலும்பு நன்றாக விலகிப்போனால் தட்டு வைத்துத் திருக வேண்டும், அதாவது அறுவைச் சிகிச்சை. நீங்கள் இப்போது ஆஸ்பிரினும் டிகாக்ரெலாரும் சேர்த்து எடுக்கிறீர்கள். இரண்டுமே ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை. மாரடைப்புக்குப் பிறகு இந்த ஜோடியை வழக்கமாக 12 மாதம் கொடுக்கிறோம், ஏனென்றால் புது ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து அந்தக் காலத்தில்தான் அதிகம். எலும்பு டாக்டர் என்ன சொல்வார்? ரத்தம் நிற்காது, டிகாக்ரெலாரைச் சில நாள் நிறுத்துங்கள் என்பார். இதய டாக்டரான நான் என்ன சொல்வேன்? நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம், நிறுத்தாதீர்கள் என்பேன். எல்ஏடியின் மேல்பகுதியில் ஒரு ஸ்டென்ட் திடீரென அடைப்பது என்றால் முதல் மாரடைப்பைவிட மோசமாக இருக்கும். இரண்டு டாக்டர்களும் போனில் வாதாடிக்கொண்டிருக்க, நடுவில் நீங்கள் உடைந்த தோளோடு படுத்திருப்பீர்கள். தலையில் அடிபட்டால் கதை இன்னும் மோசம். மாத்திரை எடுக்காதவருக்கு வெறும் வீக்கமாக முடிவது, உங்களுக்கு மண்டைக்குள் ரத்தக்கசிவாக மாறலாம்.

உங்கள் இதயம் எட்டாவது மாதத்திலேயே தயாராகிவிடலாம். காறை எலும்பு தயாராக 12 மாதம் வேண்டும்.

போட்டி நடக்கும் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியின் பெயரே அங்கே கிடக்கும் கல்லால் வந்ததுதான், அது டயரைக் கிழிக்கும் கல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 போட்டியில் தொடக்கத்திலேயே சேற்றில் மாட்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடந்த படங்களை நானும் பார்த்தேன். சேற்றில் சைக்கிளைத் தூக்கி நடப்பது இதயத்துக்கு மிதிப்பதைவிடக் கடினமான வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பனிக்காலத்தில் வாசல் பனியை வழித்துத் தள்ளும்போது மாரடைப்பு வருவதைப் பற்றி உங்கள் ஊரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் இதே ரகம்தான்.

இந்த 12 மாதக் கணக்கு என் சொந்தக் கணக்கு இல்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட விளையாட்டு வழிகாட்டியில், போட்டியில் அதிக ஆபத்து உள்ளவர்கள் என்று வகைப்படுத்தும் அடையாளங்களில் ஒன்று, மாரடைப்போ ஸ்டென்ட்டோ நடந்து 12 மாதம் ஆகாமல் இருப்பது. பம்பிங் 50 அல்லது அதற்குக் கீழே இருப்பது, முழு வேகத்தில் சோதிக்கும்போது இதயத்துக்கு ரத்தம் பற்றாமல் போவது, உழைப்பின் உச்சத்தில் துடிப்பு தாறுமாறாவது, பெரிய குழாயில் இன்னும் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு மிஞ்சியிருப்பது ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பம்பிங்கில் நீங்கள் தேறிவிட்டீர்கள். காலக்கணக்கு செப்டம்பரில் முடியும். மற்றதெல்லாம் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் 2025இல் வெளியிட்ட அறிக்கை, இதய நோய் என்றாலே போட்டி கூடாது என்று ஒரே கோடாகப் போட்ட பழைய காலத்தை விட்டு வெளியே வந்து, மருத்துவரும் விளையாடுகிறவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. உங்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் உட்கார்ந்து பேசுவதற்கு, போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "நிதானமாக ஓட்டலாம்" என்று அவர் சொன்னபோது அவர் மனதில் இருந்தது வீட்டுப் பக்கத்துப் பூங்காப் பாதையாகத்தான் இருக்கும். 320 கிலோமீட்டர் சரளை ரோடு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, பரிசோதனை. இதில் ஒரு பொறி இருக்கிறது. பல இடங்களில் ட்ரெட்மில் டெஸ்ட்டை, 220லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 சதவீதத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு 173, அதில் 85 சதவீதம் 147. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரான மெட்டோபுரோலால் உள்ளே இருக்கும்வரை 128க்கு மேல் ஏறாத இதயம் 147ஐ எங்கே தொடப்போகிறது? பாதியில் நின்ற பரிசோதனையில் "எல்லாம் நார்மல்" என்று வந்தாலும் அதை நம்பிப் பந்தயத்துக்குப் போக முடியாது. உங்களுக்கு வேண்டியது, சைக்கிள் மீதே உட்காரவைத்து, மூக்கிலும் வாயிலும் முகமூடி மாட்டி, மூச்சுக்காற்றை அளந்தபடி, "இதற்குமேல் முடியாது" என்று நீங்கள் சொல்லும்வரை கொண்டுபோகும் பரிசோதனை. தினமும் எடுக்கும் மாத்திரைகளோடுதான் செய்ய வேண்டும், ஏனென்றால் போட்டியன்றும் அவற்றோடுதான் ஓட்டப்போகிறீர்கள். இசிஜி ஓடிக்கொண்டே இருக்கட்டும். இதோடு ஓர் இதய எம்ஆர்ஐயும் கேட்டுப் பாருங்கள். பம்பிங் 55 என்று எக்கோ சொன்னாலும், மாரடைப்பு விட்டுப்போன தழும்பு எவ்வளவு பெரியது என்பது எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரியும். உச்ச உழைப்பில் துடிப்பு தடம் மாறுவது பெரும்பாலும் அந்தத் தழும்பின் ஓரத்திலிருந்துதான் தொடங்கும்.

துடிப்பு 128ஐத் தாண்டாதது கோளாறு இல்லை, மெட்டோபுரோலாலின் வேலையே அதுதான். ஆகவே பழைய துடிப்பு மண்டலங்களை வாட்சிலிருந்து அழித்துவிடுங்கள், அவை இப்போது வேறொருவருடைய எண்கள். பரிசோதனையில் கிடைக்கும் எண்களை வைத்துப் புதிதாகப் போடுங்கள். மிதிக்கும் பலத்தை வாட்ஸில் அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதே வாட்ஸில் ஓட்டும்போது மூச்சும் உடலும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். வாக்கியம் முழுசாகப் பேச முடிந்தால் சரியான வேகம், இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம். பழைய முறைதான், ஆனால் இதை எந்த பீட்டா பிளாக்கரும் ஏமாற்ற முடியாது.

அந்த மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. பம்பிங் 50க்குக் குறையாத சுமார் 5,000 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஸ்வீடன் தலைமையில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் உயிரிழப்பிலோ மறு மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. அதே வருடம் பிரான்சிலிருந்து வந்த இன்னோர் ஆய்வில், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தியவர்கள் மருத்துவமனைக்குத் திரும்புவது சற்றுக் கூடியது. அதனால் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு நாள் காலையில் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயம் கட்டவிழ்ந்த குதிரை மாதிரி ஓடும்.

உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்குவதற்கு டிகாக்ரெலார் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை எடுப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்தத் தொந்தரவு வருகிறது. மிதிக்கும்போது கூடாமல், சும்மா இருக்கும்போது திடீரென்று "காற்றுப் போதவில்லையே" என்று தோன்றிவிட்டுத் தானாகப் போவது அதன் ஜாடை. ஆனால் இது என் ஊகம்தான். இதயம் பலவீனமாவதாலும் மூச்சு வாங்கும், அதை முதலில் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மாத்திரைதான் காரணம் என்றால் மாற்று மாத்திரை இருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய இடம். மூன்று வாரம் நெஞ்சு இறுகியது, நீங்கள் டம்ஸ் சப்பினீர்கள்.

கேஸ் என்ற ஒரு வார்த்தையால் எத்தனை தமிழர்கள் போயிருக்கிறார்கள் என்று எண்ணினால் வயிறு கலங்கும். முதல் ஏற்றத்தில் இறுகி, பத்து நிமிடத்தில் விலகி, அப்புறம் நன்றாக ஓட்ட முடிகிறது என்றால் அது வயிற்றுக் கோளாறு இல்லை. அதற்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயரே இருக்கிறது: வார்ம்-அப் ஆஞ்சைனா. ரத்தம் பற்றாமல் இறுகும் இதயத் தசை, கொஞ்ச நேரத்தில் தன்னைச் சமாளித்துக்கொள்கிறது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் இதை "இன்ஜின் சூடாகிவிட்டது" என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். நான் உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்தான் 100 மைல் சரளையில் ஓட்ட முடியும். கால் எரிகிறது, மிதி. கை மரத்துப்போகிறது, மிதி. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மிதி. ஆறு வருடமாக உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருக்க உங்களுக்கு நீங்களே பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் திறமையை வைத்துத்தான் பதக்கம் வாங்கினீர்கள், அதே திறமைதான் செப்டம்பரில் உங்களை மூன்று வாரம் ஏமாற்றியது.

ஆகவே திரும்பிப் போவதற்கு நான் வைக்கும் நிபந்தனை கால் பலம் இல்லை, பாதியில் நிற்பது. இந்த வருடம் ஜூன், ஜூலையில் நண்பர்களோடு ஓட்டும்போது, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், எந்தக் காரணமும் இல்லாமல் பாதி வழியில் திரும்பி வந்து பாருங்கள். கூட வருபவர்கள் சிரிப்பார்கள். அதை உங்களால் தாங்கிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். போட்டி நாளில் 70ஆவது மைலில் நெஞ்சில் ஏதோ ஒன்று தோன்றினால், எண் அட்டையைக் கழற்றிவிட்டு ரோட்டோரம் உட்கார முடியுமா என்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரியவில்லை.

கோல்ப்ரெல்லியும் எரிக்சனும் உங்களுக்குச் சரியான உதாரணம் இல்லை. 2021இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்ற சோனி கோல்ப்ரெல்லி, 2022 மார்ச்சில் கட்டலோனியாவில் ஒரு கட்டத்தின் முடிவுக்கோட்டைத் தாண்டியதும் சரிந்து விழுந்தார். கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூனில் கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். இருவருக்கும் நெஞ்சில் டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தினார்கள், துடிப்பு தாறுமாறானால் அதுவே மின் அதிர்ச்சி கொடுக்கும். அந்தக் கருவியோடு போட்டியிட இத்தாலிய விதிகள் இடம் கொடுக்கவில்லை. எரிக்சன் இத்தாலியை விட்டு இங்கிலாந்துக்குப் போய் ஆடினார். கோல்ப்ரெல்லி அந்த வருடக் கடைசியில் ஓய்வை அறிவித்தார். அவர்களுடையது கரண்ட் கோளாறு. உங்களுடையது குழாய் அடைப்பு, அதைச் சரி செய்தும் ஆயிற்று. எம்ஆர்ஐயில் பெரிய தழும்பு இல்லை, உச்சத்தில் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்றால் அவர்கள் கதை உங்கள் கதை ஆகாது.

ஆனால் அந்த இரண்டு சம்பவத்திலும் பார்க்க வேண்டியது வேறொன்று. இருவரும் விழுந்த சில நிமிடங்களுக்குள் நெஞ்சை அழுத்த ஆள் இருந்தது, மின் அதிர்ச்சி கொடுக்கக் கருவி இருந்தது. இதயம் நின்றவருக்கு உதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். கோபன்ஹேகன் மைதானம் எங்கே, மாடு மட்டும் மேயும் கன்சாஸ் புல்வெளி எங்கே! 200 மைல் பிரிவில் முன்னால் வருகிறவர்களுக்கே ஒன்பது மணி நேரம் அளவில் ஆகிறது, உங்களைப் போன்றவர்களுக்குப் பொழுது சாய்ந்துவிடும். கூட்டம் சிதறி, முன்னும் பின்னும் ஆளில்லாமல், போனில் சிக்னலும் இல்லாமல் ஓட்டும் மணிநேரங்கள் அதில் உண்டு. 200ஐ நான் தள்ளிவைக்கச் சொல்வதற்குத் தூரத்தைவிட இந்தத் தனிமைதான் காரணம். 100 மைலுக்குப் போகும்போதும் சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) தெரிந்த ஒரு நண்பர் உங்கள் சக்கரத்தைவிட்டு விலகாமல் வர வேண்டும். செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும் சாதனம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று: தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நில்லுங்கள். முதல் அரை மணி நேரம் கூட்டத்தோடு பாய்வதில்தான் கீழே விழுவதும் அதிகம், சூடேறாத இதயத்தைத் திடீரென்று விரட்டுவதும் அதிகம். 1993இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல எண்ணைக் கொடுத்தது. வாரத்தில் ஒரு நாள்கூடக் கடும் உழைப்பு இல்லாதவர் திடீரென்று கடுமையாக உழைத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு தொடங்கும் வாய்ப்பு, சும்மா இருக்கும் நேரத்தைப்போல 107 மடங்கு. வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு 2.4 மடங்கு மட்டுமே. மனைவி பூட்டி வைத்திருப்பது சைக்கிளை மட்டுமல்ல, இந்தப் பாதுகாப்பையும்தான். டிரெய்னரில் விடாமல் மிதித்துக்கொண்டிருங்கள்.

சைவம் சாப்பிட்டு, சைக்கிளும் ஓட்டி, எனக்கு ஏன் வந்தது என்ற கேள்வி வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பக்கத்து ஆட்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது என்பதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இலேயே காட்டிவிட்டது. பெல்ஜியத்திலிருந்து 2023இல் வந்த ஓர் ஆய்வில், வாழ்நாள் முழுக்க நீண்ட தூரம் ஓடியும் ஓட்டியும் வந்த ஆண்களின் இதயக் குழாய்களில், மிதமாக உடற்பயிற்சி செய்யும் ஆரோக்கியமானவர்களைவிடப் படிவு அதிகமாகவே இருந்தது. உடற்பயிற்சி கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. சைக்கிள் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற நம்பிக்கைக்குத்தான் அது அடி. லிப்போபுரோட்டீன் ஏ என்ற ஒரு வகைக் கொழுப்பை அளக்கும் ரத்தப் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்ளுங்கள், அது பரம்பரையாக வருவது. பிள்ளைகளுக்கும் அந்த எண் பயன்படும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 55க்குக் கீழே போக வேண்டும். தொடை வலிக்கிறது என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினை (உங்கள் அட்டோர்வாஸ்டாட்டின்) திட்டுவதற்கு முன் அதற்கு முந்தின நாள் எத்தனை மைல் ஓட்டினீர்கள் என்று பாருங்கள். நீண்ட சவாரிக்கு மறுநாள் ரத்தம் கொடுத்தால் தசைச் சிதைவைக் காட்டும் எண்கள் எகிறியிருக்கும், மாத்திரைமேல் பழி விழும்.

இரண்டு விஷயம் பையில் இருக்கக்கூடாது, ஒன்று இருக்க வேண்டும். வலி மாத்திரையான இபுபுரூஃபன் கூடாது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் மிட்டாய் மாதிரி விழுங்குவதைப் பார்க்கிறேன். அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், ரத்தக்கசிவைக் கூட்டும், வெயிலில் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் அடிக்கும். நீங்கள் லிசினோபிரில் வேறு எடுக்கிறீர்கள், இரண்டும் சேரவே கூடாது. ஜலதோஷத்துக்கு வாங்கும் சூடோஎஃபெட்ரின் மாத்திரையும் வேண்டாம். இருக்க வேண்டியது இதயக் குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை. நெஞ்சு இறுகினால் இறங்கி, உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் ஒன்று. ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் 911, இரண்டாவதை முயன்று பார்க்கக் காத்திருக்க வேண்டாம். அதை வியர்வை ஊறும் சட்டைப்பையில் போடாதீர்கள், வெயிலில் வீரியம் போய்விடும். வயாகரா வகை மாத்திரை எடுத்த நாளில் இதைத் தொடவே கூடாது, இதை வெட்கப்படாமல் டாக்டரிடம் பேசுங்கள். அப்புறம், தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் சரி, நேராக மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுங்கள். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று எழுதிய ஒரு பட்டை மணிக்கட்டில் இருக்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் நிலையில் இல்லாமல் போகலாம்.

கடைசியாக, யாருக்கும் தெரியாமல் கொடுத்த பெயர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒருவர் இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறந்து 200 மைலுக்குப் பெயர் பதிகிறார் என்றால் ஏன் என்று எனக்குப் புரிகிறது. "நான் இன்னும் பழைய ஆள்தான்" என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும், ஒரு இணையப் படிவத்திடம் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் இன்னொருவர் அந்தச் சனிக்கிழமையை வேறு மாதிரி அனுபவித்திருக்கிறார். உங்களுக்கு அது வலி. அவருக்கு அது ஒரு போன் அழைப்பு, ஒரு கார் பயணம், ஒரு காத்திருப்பு அறை. நீங்கள் 36 வகுப்பு போனீர்கள், உடம்பில் ஒயர் ஒட்டிக்கொண்டு மிதித்தீர்கள், உங்கள் பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவருக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்?

1985இல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆய்வு நடந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. மாரடைப்பு வந்து மூன்று வாரம் ஆன ஆண்களுக்கு ட்ரெட்மில் டெஸ்ட். சில மனைவிகள் வெளியே காத்திருந்தார்கள், சிலர் உள்ளே நின்று பார்த்தார்கள், சிலரை அதே ட்ரெட்மில்லில் கணவர் நடந்த அதே அளவுக்கு மூன்று நிமிடம் நடக்கவைத்தார்கள். கணவரின் இதயத்தின்மேல் உண்மையில் நம்பிக்கை வந்தது, தாங்களே ஏறி நடந்து பார்த்தவர்களுக்குத்தான். பார்த்ததும் கேட்டதும் அவ்வளவாகப் போதவில்லை.

அதனால் இன்று இரவே அந்த லாட்டரி விஷயத்தை மனைவியிடம் சொல்லிவிடுங்கள், திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதி, மருத்துவக் காரணத்தால் வர இயலவில்லை, இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு நாள் குறித்ததும் மனைவியையும் அழைத்துப் போங்கள். நீங்கள் இறங்கிய பிறகு மூன்று நிமிடம் அவரையும் அதே சைக்கிளில் மிதிக்கவிட முடியுமா என்று பரிசோதனை செய்பவரிடம் கேளுங்கள். சாவி அதுவரை அவரிடமே இருக்கட்டும்.